வாரேன்னு சொல்லு

ஒன்பது நாளாக ஒரு கோட்டுக்கு மேல் காட்டாத புதுப் போன், கோமளாவின் பிணத்துக்கு முன்னால் நாலு கோடும் காட்டியது.

ரெனிதாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. திருமுல்லைவாயிலில் அவள் குடியிருக்கும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், இந்தப் போனைத் தூக்கிக்கொண்டு அவள் போய் நிற்காத மூலை கிடையாது. பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தாள். சிம்மைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டாள். கஸ்டமர் கேரில் ஒருத்தன் தினமும் ஒரே குரலில், "உங்க ஏரியால சிக்னல் நல்லாத்தான் மேடம் இருக்கு" என்கிறான். நல்லா இருக்காம். அவன் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது. வடிகால் தோண்டுகிறேன் என்று வந்தவர்கள் வீட்டு நெட் கேபிளை அறுத்துவிட்டுப் போய், அதுவும் ஒன்பது நாள்.

இங்கே, நாலு தெரு தள்ளி, இந்தத் தாழ்ந்த கூடத்தில், ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருக்க, ஊதுபத்தியும் ரோஜா மாலையும் நனைந்த செருப்பும் கலந்து மூக்கை அடைக்க, போன் டிங் டிங்கென்று நாற்பது மெசேஜை ஒரே மூச்சில் கொட்டியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெனிதா அவசர அவசரமாகச் சத்தத்தை அடைத்தாள்.

கோமளா நேற்று ராத்திரி மாரடைப்பில் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் வைத்து வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். ரெனிதாவின் நாலு வயது மகள் கனி, பால்குடி மறந்ததிலிருந்து பாதி நாள் வளர்ந்தது இந்தக் கூடத்தில்தான். மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். விட்டுவிட்டு வர வேறு ஆள் இல்லை. அதனால்தான் பிள்ளையையும் சாவு வீட்டுக்குக் கையில் பிடித்து வரவேண்டியதாயிற்று.

மெசேஜ்களில் ஒன்று மேனேஜர் மேக்ஸ்வெல் அனுப்பியது. 'நாலு மணிக்கு ரிவ்யூ. கேமரா ஆன்ல இருக்கணும். இன்னிக்கும் லைன் கட் ஆனா, திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸ் வந்துடுங்க.'

ஆபீஸ் சிறுசேரியில் இருந்தது. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. கணவன் நிர்மல் புனேயில் ப்ராஜெக்ட் என்று உட்கார்ந்திருந்தான். கோமளாவும் இல்லை. அப்புறம் கனியை யார் பார்ப்பது. தெற்கே சொந்த ஊரான நாசரேத்தில் மாமியார் ஆறு மாசமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள், "பிள்ளையை எங்கிட்ட அனுப்பிரு, நீ வேலையைக் கட்டிக்கிட்டு அழு" என்று. நிர்மலும் அதற்குத் தலையாட்டுகிறான். அனுப்பமாட்டேன் என்று ரெனிதா பிடிவாதமாக இருந்தாள். பெற்றது அவள். ராத்திரி கனியின் கால் தன் வயிற்றின் மேல் கிடந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

மேக்ஸ்வெலுக்கு 'நாலு மணிக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்' என்று கட்டைவிரலால் தட்டிக்கொண்டே எழுந்தாள். மனசு முழுக்க அந்த நாலு கோட்டில் இருந்தது. வாசலைப் பார்த்து நகர்ந்தவள், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பிள்ளையிடம் சொல்கிற அதே சொல்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஆன்ட்டிக்கு டாடா சொல்லு கனி. வாரேன்னு சொல்லு."

கனி நல்ல பிள்ளை. சொன்னால் செய்வாள். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து, "டாடா ஆன்ட்டி. வரேன்" என்றாள்.

கூடத்தில் அழுகை நின்றது.

எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு. சாவு ஊட்ல யாருனா வரேன்னு சொல்வாங்களா. சொல்லாம கொள்ளாம எய்ந்து போகணும்னு தெரியாது? அதுவும் கொயந்த வாயால சொல்ல வச்சிக்கினு."

"வுடு சாமுண்டி," என்றார் கோமளாவின் அண்ணன் எத்திராஜ். அவர் குரலில் பலமில்லை. "தெரியாம சொல்லிச்சி. நாலு மணிக்கு எட்த்துட்டா எல்லாம் முடிஞ்சிது. புள்ளய இட்டுக்கினு போம்மா."

ரெனிதாவின் காது மடல் சுட்டது. இந்த வழக்கமெல்லாம் நாசரேத்திலும் உண்டு. தெரியாதவள் இல்லை. தெரிந்தும் செய்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், கனியின் கையை வெடுக்கென்று இழுத்தாள். கண்ணாடியில் சின்ன உள்ளங்கையின் அச்சு ஈரமாக இருந்தது. வெளிப்பக்கம்தான். உள்ளே இருந்த பனிப்படலத்திலும் அதே இடத்தில், அதைவிடப் பெரிதாக, ஒரு அச்சு இருப்பது போலத் தெரிந்தது. கூட்டம் மறைத்தது. அவள் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கனிக்குப் பருப்புச் சாதம் பிசைந்தாள். வெளியே மழை விடாமல், வேகமும் கூட்டாமல், வீட்டுக்காரனிடம் வாடகை பாக்கிக்காரன் முணுமுணுப்பது மாதிரி பெய்துகொண்டிருந்தது. நனைந்த சுவர் நாற்றமும் குழந்தையின் தலையிலிருந்து ஊதுபத்தி வாசமும் வந்தன. தலையைத் துவட்டித்தான் விட்டிருந்தாள். எப்படி இன்னும் வாசம் அடிக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, கனியின் வாய்க்கு நேராக உருண்டையை நீட்டியபோது கால் வந்தது. கை முழுக்கச் சாதம். யார் என்று பார்க்காமல் காதைத் தட்டினாள்.

உள்ளே ஏதோ உறுமியது. பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரே சீரான உறுமல். அதற்கு நடுவே அறுந்து அறுந்து ஒரு குரல். ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

"எப்ப... னுப்..."

"கேக்கல சார். லைன் விட்டு விட்டு வருது."

"எப்ப... அனுப்..."

ரிப்போர்ட். ரிவ்யூவுக்கு முன்னால் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டைத்தான் மேக்ஸ்வெல் கேட்கிறான். "அனுப்புறேன் சார். முடிச்சிட்டிருக்கேன்" என்றாள். லைன் செத்தது.

கனி வாயை இறுக மூடிக்கொண்டாள். "எனக்கு வாணாம். ஆன்ட்டி ஊட்ல சாப்ட்டுக்கறேன்."

"ஆன்ட்டி செத்துப் போயிட்டாங்க கனி. பாத்தேல்ல."

"வரேன்னு சொல்லிக்கீறேன்ல."

"சும்மா சொன்னது அது."

"நீதானே சொல்லச் சொன்ன," என்றாள் கனி. கோபம் இல்லாமல், ரொம்பப் பொறுமையாக, பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ரெனிதா உருண்டையைத் தட்டிலேயே போட்டாள்.

பாத்திரம் கழுவும்போது இரண்டாவது தடவை வந்தது. அதே உறுமல், அதே கேள்வி. இந்தத் தடவை பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆபீசில் எவனுக்கோ ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வந்தபோது மணி இரண்டே முக்கால். லேப்டாப் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, போனில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. அவளுக்கு மண்டை கொதித்தது.

"எப்ப... அனுப்ப..."

"நாலு மணிக்கு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "சரியா நாலு மணிக்கு அனுப்பிடறேன். ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான். இதுக்கு மேல கூப்பிட்டுத் தொல்லை பண்ணாதீங்க."

உறுமல் நின்றது. சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று கேட்டு, அடங்கியது. அதற்குப் பிறகு கால் வரவில்லை.

மூன்று மணிக்கு ஹாட்ஸ்பாட் போட உட்கார்ந்தாள். கோடே இல்லை. ஜன்னலோரம் போனாள். இல்லை. ஸ்டூலில் ஏறி அலமாரி மேல் வைத்தாள். இல்லை. "நாசமாப் போக" என்று போனைச் சோபாவில் வீசினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு துண்டுத் தகரத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பவா வைத்துக்கொள்ளவா என்று முடிவாகப் போகிறது. இதற்கா படித்தாள், இதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்.

கனி போர்வையை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சோபாவில் கிடந்த போன் டிங் என்றது.

நாலு கோடு.

ரெனிதா பார்த்துக்கொண்டே நின்றாள். கனி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு நடந்தாள். மூன்று. இரண்டு. ஒன்று. திரும்பி வந்தாள். இரண்டு. மூன்று. நாலு.

"கனி. பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வா."

"எனுக்கு வரல."

"சொன்னதச் செய்."

போனாள். கோடு ஒவ்வொன்றாக விழுந்தது. வந்தாள். ஒவ்வொன்றாக எழுந்தது. காலையில் தெருவில் கனியின் கையைப் பிடித்து நடந்து வந்தபோதும் போன் விடாமல் டிங் டிங்கென்றுதான் வந்தது. அப்போது அவள் கவனிக்கவில்லை.

பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தாள். சண்டே ஸ்கூலில் பரிசு வாங்கிக் கொடுத்த சங்கீதம். இரண்டாவது வசனத்தில் நின்றுவிட்டது. மேலே வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அங்கேயே நின்றது.

மணி மூன்றே முக்கால்.

பயம் பெரிதா கோபம் பெரிதா என்றால், அந்த நிமிஷத்தில் கோபம்தான் பெரிதாக இருந்தது. ஒன்பது நாள் கெஞ்சியிருக்கிறாள். மேக்ஸ்வெலிடம், கஸ்டமர் கேரிடம், அசோசியேஷன் செக்ரட்டரியிடம், புனேயில் இருப்பவனிடம். ஒருத்தனும் உதவவில்லை. இப்போது உதவுவது எதுவாக இருந்தால் என்ன. ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் இந்த நாலு கோடு நின்றால், கனி அவளோடு இருப்பாள். இதை மகளுக்காகத்தானே செய்கிறாள்.

கனி சோபாவிலேயே சாய்ந்து கண் சொருகியிருந்தாள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் கிடத்தினாள். பிள்ளையின் கை சில்லென்றிருந்தது. மழைதான் என்று நினைத்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். போனைக் கனியின் தலையணையிலேயே, காதோரமாக வைத்தாள். நாலு கோடு. ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்து, ஹெட்போனை மாட்டி, கேமராவைத் திறந்து சிரித்தாள்.

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. பதினோரு முகங்கள், ஒன்றுகூட உறையவில்லை. அவள் பேசினாள். கேட்டார்கள். பதில் சொன்னாள். இப்படி ஒரு நெட் அவள் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை.

நாலு மணி தாண்டிச் சில நிமிஷத்தில் தெருமுனையில் பறை கேட்டது. அடிவயிற்றில் இடிக்கிற அந்த அடி, ஹெட்போனுக்குள்ளும் வந்தது. கோமளாவை எடுத்துவிட்டார்கள். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மழையில் நனைந்த தோலின் மழுங்கல் அடி. விசில். ஒரு பட்டாசு. ரெனிதா மைக்கை அடைத்தாள். ஊர்வலம் நேர் கீழே வந்து நின்றது.

நின்றது.

அடி மட்டும் நின்ற இடத்திலேயே தொடர்ந்தது. சுடுகாட்டுக்கு இந்தத் தெரு வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு அது தெரியும். இந்தத் தெரு மறுபக்கம். எழுந்து ஜன்னலுக்குப் போக நினைத்தாள்.

"ரெனிதா, அடுத்த ஸ்லைட் நீங்கதான்," என்றான் மேக்ஸ்வெல்.

உட்கார்ந்தாள். மைக்கைத் திறந்தாள். பேசினாள். படுக்கையறைப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். பாயைச் சுருட்டுகிற சத்தம் மாதிரி. பேசினாள். ஊதுபத்தி வாசம். சாத்திய கதவுக்கு அடியிலிருந்து வந்தது. குளிரும் வந்தது. பாதத்தில் பட்டது. பேசினாள். இன்னும் ரெண்டு ஸ்லைட். ஒன்று.

கீழே பறை மறுபடி நகர்ந்தது. தேய்ந்தது. மறைந்தது.

மணி நாலே முக்கால். எல்லாரும் ஒவ்வொருவராக மறைந்து, மேக்ஸ்வெல் மட்டும் மிஞ்சினான். அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். "இதுதான் வேணும். இவ்வளவு நல்ல லைன் இருந்தா நீங்க ஏன் சிறுசேரி வரணும். வீட்லேர்ந்தே பாருங்க, நான் மேலிடத்துக்கு எழுதிடறேன். பொண்ணும் உங்களோடவே இருக்கும்."

"தேங்க்ஸ் சார். ரிப்போர்ட் மட்டும் சொன்ன நேரத்துக்கு அனுப்ப முடியல. இப்ப அனுப்பிடறேன்."

"எந்த நேரம். நாளைக்குத் தாங்க, அவசரமில்ல."

"மதியம் மூணு வாட்டி கூப்பிட்டுக் கேட்டீங்களே சார். எப்ப அனுப்புறேன்னு."

"நானா." மேக்ஸ்வெல் நெற்றியைச் சுருக்கினான். "காலையிலேர்ந்து உங்க நம்பர் எனக்குப் போகவே இல்லியே. நாட் ரீச்சபிள்னுதான் வந்துச்சு."

நாலு மணிக்கு. சரியா நாலு மணிக்கு அனுப்பிடறேன். அவள் வாயால் சொன்னது. சொன்னா சொன்னதுதான்.

ஹெட்போன் வயர் லேப்டாப்பை இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. ரெனிதா ஓடினாள். நாலே எட்டில் படுக்கையறைக் கதவை அடைந்தாள். கதவுக் குமிழ் ஐஸாக இருந்தது. திறந்தாள்.

கனி படுத்த இடத்தில் படுத்திருந்தாள். போர்வை கழுத்து வரை இருந்தது. கண் மூடியிருந்தது. ஒரு கணம் ரெனிதாவுக்கு மூச்சு வந்தது.

தலையணையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கால் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து நிமிஷம், பன்னிரண்டு விநாடி. பதின்மூன்று. பதினான்கு. பெயர், கோமளா அக்கா. மூலையில் நாலு கோடு.

"அக்கா," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி, "அக்கா."

உறுமல் இல்லை, அறுபடவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது குரல்.

"புள்ள வந்து சேந்துச்சி கண்ணு. சமத்தா நடந்தே வந்துச்சி. நீ இன்னாத்துக்குக் கவலப்பட்ற. நீ உன் வேலயப் பாரு."

ரெனிதா போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

கனியின் உள்ளங்கால்கள் நனைந்திருந்தன. தெருச் சேறு விரல் இடுக்கு வரை அப்பியிருந்தது. சேற்றோடு சேர்ந்து மிதிபட்ட சாமந்தி இதழ்கள். கட்டிலைச் சுற்றித் தரை காய்ந்து கிடந்தது. இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து, வெள்ளைத் துணி கிழித்து, யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அவள் அந்த முடிச்சைப் பிடுங்கினாள். நகம் மடங்கியது. முடிச்சு நெகிழவில்லை. துணி ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. மண்டியிட்டுக் குனிந்து, சேற்றோடு சேர்த்து, பல்லால் கவ்வி இழுத்தாள். இழுத்தாள்.

போனுக்குள் கனி சிரித்தாள்.

"அம்மா, கூசுதும்மா."

கட்டிலில் கால்கள் அசையவில்லை.